எட்டாம் நம்பர் வீட்டுக்கு வந்த கடல்

திருப்பூரில் கடல் கிடையாது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பஸ்ஸில் அரைநாள் உட்கார்ந்தால்தான் கடல் கண்ணில் படும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், கடலுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும், ஆனாலும் அந்த வருஷம் ஆவணி மாசம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு அது சென்னியப்பன் வளவுக்குள் வந்தது. வளவு என்றால் ஒரே காம்பவுண்டுக்குள் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று எட்டு ஓட்டு வீடு, நடுவே சிமென்ட் வாசல், வாசலில் ஒரு குழாய், கோடியில் இரண்டு கக்கூஸ். அந்த எட்டில் கடைசி வீட்டில் குடியிருந்த பூவாத்தாளிடம் ஒரு மீன் இருந்தது. அதைப் பார்க்கத்தான் கடல் வந்தது என்று வளவில் எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

மீன் அவளிடம் வந்தது அதற்கு மூன்று நாள் முன்னால். அவள் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த பனியன் கம்பெனியை ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டார்கள். பத்து நாள் கழித்து மேஜை நாற்காலியை ஏற்றிப்போக ஆள் வந்தபோது, கூட்டிவிட அவளையும் வரச்சொன்னார்கள். ரிசப்ஷனில் சுவர் அகலத்துக்கு இருந்த கண்ணாடித் தொட்டியில் கரண்ட் இல்லாமல் மோட்டார் நின்று, தண்ணீர் கஞ்சியாகக் கலங்கி, வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் காட்டுவதற்கென்று வாங்கிவிட்டிருந்த கடல் மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன, ஒன்றைத் தவிர. அது அடியில் ஒருக்களித்துக் கிடந்து, இருந்திருந்து செவுளைத் திறந்து மூடியது. பாவம் பார்த்து எடுத்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். அவளுக்குப் பாவமும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. கை அதுபாட்டுக்குப் போய் எடுத்தது. பெயிண்ட் பக்கெட்டில் அந்தத் தொட்டித் தண்ணீரையே மொண்டு, மீனை அதில் விட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு வருஷமாக அவள் அப்படித்தான் இருந்தாள். மகள் தாரணிக்குக் காய்ச்சல் வந்தது, பத்தொன்பது வயது, பி.காம் இரண்டாம் வருஷம். முதலில் பார்த்த டாக்டர் டைபாய்டு என்றார், ஐந்து நாள் அதற்கு ஊசி. அடுத்துப் பார்த்தவர் மஞ்சள் காமாலை என்றார், இரண்டு நாள் அதற்குக் குளுக்கோஸ். எட்டாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சலின் சரியான பேரைக் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதித் தந்தார்கள், சீட்டு கைக்கு வந்தபோது பிள்ளை இல்லை. இழவுக்கு வந்தவர்கள் பூவாத்தாளை அழு அழு என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வராததை எங்கிருந்து கொண்டுவருவது? அழுகை வரவில்லை, அப்புறம் அதைப் பார்த்துப் பசியும் வரவில்லை, கோபமும் வரவில்லை, ஆடி நோம்பி வந்து போனதுகூட அடுத்த வீட்டில் பலகாரம் கொடுத்தால்தான் தெரிந்தது. புருஷன் விட்டுப்போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, அவனை நினைத்தாவது நாலு வசவு வாயில் வரும் முன்பெல்லாம், அதுவும் நின்றுபோனது. மரக்கட்டையாகிப் போனாள் என்று ஐந்தாம் நம்பர் வீட்டுச் செல்வநாயகி குழாயடியில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். அது பூவாத்தாள் காதிலும் விழுந்தது, சரிதான் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடல் மீன் என்பதால் போர்வெல் தண்ணீரில் மூன்று கை கல்லுப்பை அள்ளிப் போட்டு மீனை அதில் விட்டாள். மறுநாள் அதன் உடம்பெல்லாம் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. பக்கெட்டோடு தூக்கிக்கொண்டு கலர் மீன் விற்கும் நிஜாம் பாய் கடைக்குப் போனாள்.

"இது மாதிரி கல்லுப்புத் தண்ணியில போட்டா எப்படிம்மா இருக்கும்? கடல் தண்ணியோட சத்து வேற," என்றார் பாய். "புள்ளிக்கு நீல மருந்து இருக்கு. ஆனா சில மீன் அதைத் தாங்கும், சில மீன் செத்துப்போயிடும்."

"மருந்து அப்பறம் ஆகட்டுங்க பாய். மொதல்ல இதும் பேரச் சொல்லுங்க."

பாய் சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த படப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பேரெல்லாம் சீன எழுத்தில் இருந்தன, படத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் கருநீல உடம்பில் வெள்ளை வளையத்துக்குள் வளையமாக ஒரு மீன் இருந்தது. பத்துப் பக்கம் தள்ளி நீலத்தில் மஞ்சள் கோடு கோடாக இன்னொரு மீன். பக்கெட்டில் கிடந்ததற்கோ வால் பக்கம் வளையம், தலைப் பக்கம் கோடு, நடுவில் இரண்டும் கலைந்து என்னவென்று சொல்ல முடியாத ஒரு அழுக்கு. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார், தெரியாமல் மருந்து ஊற்றக் கூடாது என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பூவாத்தாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வளவில் இரண்டு கட்சி ஆகிப்போனது. பக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும் வளைய மீன்தான் என்றார்கள், செல்வநாயகி கோட்டு மீன் என்று சத்தியம் செய்தாள். அவள் அதுவரை கண்ட மீன் மத்தியும் ஜிலேபியும்தான். பேர் தெரியாமல் அந்த உடம்புக்குள் இன்னொரு மருந்து இறங்கப்போவதில்லை என்பது மட்டும் பூவாத்தாளுக்குள் முடிவாகியிருந்தது, அதனால் அவள் பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் தண்ணீரை அலம்பி அலம்பிக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் செவ்வாய்க்கிழமை கடல் வந்தது. கேட்டுக்கு அடியில் நுழைந்து, குழாயடியைச் சுற்றிக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீராக வாசல் முழுக்கப் பரவி எட்டாம் நம்பர் படிவரைக்கும் வந்து நின்றது.

"ஆரூட்டு மோட்டாருங்க அது! தொட்டி ரொம்பி வழியறதுகூடத் தெரியாம தூங்கறது!" என்று செல்வநாயகி கத்தினாள். யார் வீட்டு மோட்டாரும் ஓடவில்லை. நாலாம் நம்பர் வீட்டுக்காரர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடல்தான் என்றார். கடல் என்றதும் எல்லாரும் செருப்பை எடுத்து மதில்மேல் வைத்தார்கள். அடுத்த வேலையாக ஹவுஸ் ஓனர் சென்னியப்பனுக்குப் போன் போட்டார்கள்.

அதே நேரத்துக்குத்தான் மூன்றாம் நம்பர் மிக்கேல் ஷிப்டு முடிந்து வந்தான். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரன், சங்கு குளித்துக்கொண்டிருந்தவன், ஒரு முங்கில் இடது காது வெடித்துப்போய், இனிக் கடலே வேண்டாம் என்று சாயப்பட்டறைக்கு வேலைக்கு வந்தவன். கேட்டருகில் நின்று கடலைப் பார்த்தான். கடனைக் கேட்டு ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டதைப் போல் ஒரு நிமிஷம் முகம் மாறி நின்றான், அப்புறம் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, நேராக எட்டாம் நம்பருக்குப் போய் பக்கெட்டுக்குள் குனிந்தான்.

"அக்கா, ரெண்டு கச்சி சொல்றதும் சரிதான்," என்று ஒற்றைக் காதுக்காரர்களுக்கே உரிய சத்தத்தில் சொன்னான். "ரெண்டும் ஒரே மீனு. குட்டியில வளையமா இருக்கும். வளந்துச்சுன்னா வளையம் அழிஞ்சு கோடு விழுந்துரும். இது நடுவுல நிக்கிது. இந்த வயசுல இது அதுவுமில்ல, இதுவுமில்ல."

"பேரு?"

"எங்கய்யா ராசாமீனும்பாரு. பாறைக்குள்ள கெடக்கும். கிட்டப் போனா டொக்கு டொக்குன்னு சத்தம் குடுக்கும்."

"ராசாமீனு," என்றாள் பூவாத்தாள். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம், "இனி என்ன பண்ணோனுமோ சொல்லு," என்றாள்.

முதலில் வாசலில் நின்ற கடலையே மொண்டு, பாதியாக அறுத்த நீல டிரம்மில் நிரப்பி மீனை அதற்கு மாற்றினார்கள். வெள்ளைப் புள்ளி எல்லாம் பூச்சி என்றான் மிக்கேல், கடல் பூச்சி நல்ல தண்ணீரில் செத்துவிடும், மீன் மூன்று நிமிஷம் தாங்கும், பூச்சி தாங்காது, அதனால் மீனை நல்ல தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும், எட்டு நாளைக்கு ஒரு தடவையாக நாலு தடவை. திருப்பூரில் நல்ல தண்ணீர் என்றால் எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், குடிக்க மட்டும்தான், அதில் கை கழுவினால்கூடச் சண்டை வரும். பூவாத்தாளிடம் அன்றைக்கு அரைக்குடம்கூட இல்லை. ஆனால் கோட்டுக் கட்சியும் வளையக் கட்சியும் ஒரே மீன் என்று ஆனதில் இரண்டு பேருக்குமே ஜெயித்த சந்தோஷம். வீட்டுக்கு ஒரு சொம்பு கொண்டுவந்து அண்டாவில் ஊற்றினார்கள், பிளீச்சிங் நெடி போக ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தார்கள். மீனை அதில் விட்டதும் அது செத்ததுபோல் பக்கவாட்டில் சாய்ந்தது. செல்வநாயகி ஐயோ என்றாள். மிக்கேல் செல்போனில் நொடியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பூவாத்தாள் இரண்டு கையையும் தண்ணீருக்குள் மீனுக்குக் கீழே விரித்து வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்தாள். மூன்று நிமிஷம் ஆனதும் டிரம்முக்குள் விட்டாள், அது கிடந்தது, கிடந்தது, அப்புறம் ஒரு செட்டையை அசைத்தது.

கடல் தினம் இரண்டு தடவை வரத் தொடங்கியது. சென்னியப்பன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

"வளவுல ஒறம்பரை வந்தா ரெண்டு நாளுதான் தங்கோனும்னு சொல்லித்தானம்மா வீடு உட்டிருக்கறன்? இது எத்தன நாளைக்கு?"

"மீனு தேறட்டுங்ண்ணா," என்றாள் பூவாத்தாள்.

உறவுக்காரர்களுக்குப் போட்ட சட்டத்தைக் கடலுக்குப் போடலாமா கூடாதா என்று அவர் யோசித்துக்கொண்டு நின்ற அரைமணி நேரத்தில், ஆறு வருஷமாக மடக்க முடியாமல் இருந்த அவருடைய வலது முழங்கால் தானாக மடங்கியது. அதிலிருந்து ஒரு நாற்காலியோடு தினமும் வந்து வாசல் நடுவே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஆற்றுத் தண்ணீர் முறை எழுதிய சுவரிலேயே, அதற்குப் பக்கத்தில், கடல் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் மிக்கேல் கரியால் எழுதி வைத்தான், நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தள்ளிப் போகும் என்று விளக்கினான். கட்டில்களுக்கெல்லாம் காலுக்கு நாலு செங்கல் ஏறியது. கடல் வடிந்து வத்தமான அப்புறம்தான் கோலம் என்று ஆனது. செல்வநாயகி வாசல் மூலையில் தேங்கிக் காயும் உப்பைச் சுரண்டி எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டாள், இரண்டாம் நம்பர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டு வாசலில் கடல் இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் பூ வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வளவுக்காரர்கள் பொறாமை தாங்காமல் நிஜாம் பாயிடம் போய் ஆறு தங்கமீன் வாங்கித் தொட்டியில் விட்டுக் காத்திருந்து பார்த்தார்கள். ஒரு சாக்கடைகூட அவர்களைத் தேடி வரவில்லை. கொசு மருந்து அடிக்கிறவரும் வந்தார், நோட்டை விரித்தார், கடலைப் பார்த்தார்.

"உப்புத் தண்ணியில இந்தக் காய்ச்சல் கொசு முட்டை வெக்காதுங்க. உங்க வளவுக்கு இனிப் பயமே இல்லை," என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். குழாயடியில் இருந்த பெண்கள் எல்லாம் சட்டென்று பூவாத்தாளைப் பார்த்தார்கள். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், கடைசிப் பல்வரை உரித்து முடித்தாள்.

பூண்டு மீனுக்கு. மட்டியை உடைத்து, சதையில் பூண்டுச் சாற்றைத் தடவிக் காட்டினால் வாசனைக்கு வரும் என்று மிக்கேல் சொல்லியிருந்தான். மட்டியைக் கடலே வாசலில் போட்டுவிட்டுப் போனது. பதினோரு நாள் காட்டினாள், பதினோரு நாளும் அது திரும்பிக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் ஒரு கொத்து கொத்தியது. வளவே கை தட்டியது, சென்னியப்பன் தேங்காய் உடைத்தார். பூவாத்தாள் மட்டி ஓட்டை எடுத்து வெளியே போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். சந்தோஷம் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது, பழைய வீட்டு விலாசம் ஞாபகம் இருப்பதுபோல. அவ்வளவுதான்.

ஐப்பசி முடிவதற்குள் புள்ளி ஒன்று மிச்சமில்லாமல் மறைந்தது. வால் பக்கத்து வளையம் நாளுக்கொன்றாக அவிழ்ந்து மஞ்சள் கோடாக நீண்டது, கண்ணைச் சுற்றி மை தீட்டியதைப் போல் கறுப்பு விழுந்தது, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது வளர்ந்தது. ராத்திரி டிரம்முக்குள்ளிருந்து டொக்கு டொக்கென்று சத்தமும் கொடுத்தது. பூவாத்தாள் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்கப்புறம்தான் மீன் தீனியை நிறுத்தியது. டிரம்மின் ஓரத்தை மூக்கால் தொட்டுக்கொண்டே சுற்றியது, நாள் பூராவும் ஒரே பக்கமாகச் சுற்றியது. கார்த்திகை பிறந்தபோது மஞ்சள் வெளிறத் தொடங்கியது.

மிக்கேல் பிளாஸ்டிக் டப்பாவில் அதை மொண்டு தூக்கி வெயிலில் காட்டினான், செவுளைப் பார்த்தான், செட்டைக்கு அடியில் பார்த்தான்.

"சீக்கு ஒண்ணுமில்லக்கா."

"பின்ன எதுக்குத் திங்க மாட்டேங்குது? இதுக்கு என்னன்னு ஒரு பேரு இருக்குமல்லோ?"

"பேரு கெடையாதுக்கா. எடம் பத்தல. வெளிய விட்டாத் தேறிரும், விடலைன்னா மெலிஞ்சு மெலிஞ்சு போயிரும்."

விஷயம் பரவியதும் சென்னியப்பன் அன்று சாயங்காலமே எல்லாரையும் வாசலில் கூட்டினார். எல்லாரும் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். மீன் போனால் கடலும் போய்விடும், இரண்டாம் நம்பர்ப் பெண்ணுக்குத் தையில் கல்யாணம், அதுவரைக்குமாவது கடல் இருக்க வேண்டும், பெரிய டிரம்மாக ஒன்று வாங்கித் தருகிறோம், நிஜாம் பாயை வரச்சொல்லி வைட்டமின் ஏதாவது கேட்கலாம்.

"தை வரைக்குந்தானம்மா. என்னன்னு கண்டுபுடிச்சு வைத்தியம் பாக்கலாம். அவசரப்படாத," என்றார் சென்னியப்பன்.

பூவாத்தாள் சரியுங்கண்ணா என்றாள். அவளுக்கு எல்லாமே சரிதான். அன்று சாயங்காலம்வரை எதற்கும் அவள் மாட்டேன் என்று சொன்னதில்லை, இந்த இரண்டு வருஷத்தில்.

மறுநாள் சுவரில் எழுதியிருந்த கணக்குப்படி பதினொன்றே முக்காலுக்குக் கடல் ஏறி முழுசாக நின்றது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், மிக்கேல் தூங்கிக்கொண்டிருந்தான், சென்னியப்பன் டீ குடிக்கப் போயிருந்தார். பூவாத்தாள் டிரம் பக்கத்தில் குந்தி உள்ளே பார்த்தாள். மீன் சுற்றிக்கொண்டிருந்தது. பாய் வந்து பார்ப்பார், வைட்டமின் தருவார், அது கேட்காவிட்டால் இன்னொரு மருந்து தருவார், அப்புறம் இன்னொன்று, ஒரு நாள் சரியான பேரைச் சொல்வார்கள். இதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. டிரம்முக்கு அண்டை கொடுத்திருந்த செங்கல்லைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, தோளைக் கொடுத்து நெட்டிச் சாய்த்தாள்.

மீன் வாசல் தண்ணீருக்குள் விழுந்து, அவள் காலருகில் ஒரு மூச்சு நேரம் நின்றது. அப்புறம் குழாயடியைச் சுற்றிக்கொண்டு, சென்னியப்பனுடைய நாற்காலிக்கு அடியில் புகுந்து, நீலமும் மஞ்சளுமாகக் கேட்டைத் தாண்டிப் போயேபோய்விட்டது.

"அடிப் பாவி!" என்று ஓடிவந்த செல்வநாயகி, ஊறுகாய்க் கையோடு நின்றாள். "பெத்ததயும் உட்டுட்ட, இதயும் உட்டுட்டயா?"

சொன்ன பிறகு செல்வநாயகிக்கே உடம்பு கூசியது. பூவாத்தாள் அவளைப் பார்த்து, "ஆமாங்க," என்றாள்.

அன்று ராத்திரி கணக்கில் இருந்த ஏத்தம் வரவில்லை, கடல் ஏறவே இல்லை. விடிந்ததும் ஆண்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து செங்கல்லை எடுத்தார்கள், செருப்புகள் மதிலிலிருந்து இறங்கின, எட்டாம் நம்பர் பக்கம் யாரும் திரும்பவில்லை. மிக்கேல்கூட ராத்திரி ஷிப்டுக்குப் போகாமல் படுத்துக்கிடந்தான். மதியம் பன்னிரண்டே முக்கால் ஆனபோது பழக்கத்தில் எல்லாரும் கேட்டைப் பார்த்தார்கள். அப்போது கேட்டுக்கு அடியிலிருந்து கடல் வந்தது.

ஆனால் வாசல் முழுக்கப் பரவவில்லை. ஒரு சேலை அகலத்துக்கு, யார் வீட்டுப் படியையும் தொடாமல், மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, நேராக எட்டாம் நம்பருக்குப் போய் நின்றது. அதில் மீன் இல்லை, மட்டி இல்லை, வெறும் தண்ணீர்.

"மீனுதான் போயிருச்சே," என்றாள் செல்வநாயகி. "இது இன்னும் ஆரப் பாக்க வருது?"

பூவாத்தாள் கதவைத் திறந்து வெளியே வந்தாள், எப்போதும்போல் படியிலிருந்து தண்ணீருக்குள் காலை வைத்தாள், வைத்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள்.

"மிக்கேலு," என்று கூப்பிட்டாள். "தண்ணி இன்னைக்கு ஏன் இத்தனை சில்லுனு இருக்குது?"

மிக்கேல் வந்து குனிந்து தொட்டுப் பார்த்தான். "மொத நாள்லருந்து இப்பிடித்தானக்கா இருக்கு."

அவள் படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டாள். பல் கிட்டிக்கத் தொடங்கியது, தோள் நடுங்கியது. செல்வநாயகி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"குளுருதுங்க," என்றாள் பூவாத்தாள். "எட்டு நாளும் புள்ள இதயேதாங்க சொன்னா. குளுருதும்மா, குளுருதும்மான்னு. இப்பிடித்தான் இருந்திருக்குது அவளுக்கு."